நடுவில் இன்னொரு மொழி வேண்டாம்

வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ வேலூரிலோ உருது முஷாயிராவையும் தமிழ்க் கவியரங்கத்தையும் ஒரே மேடையில் நடத்த ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, உருதுக் கவிதையைத் தமிழில் சொல்ல நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?" ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். அந்த ஆள் அடுத்த வருஷம் மகனோடு பெங்களூருக்குக் குடிபோய்விட்டால் நீங்கள் மறுபடியும் வந்து நிற்பீர்கள். ஆளைத் தேடும் வழி தெரிந்துவிட்டால் எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனாலும் கவலையில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதித் தருகிறேன்.

1. முதலில் திசையை முடிவு செய்யுங்கள்.

உருதுவிலிருந்து தமிழுக்கா, தமிழிலிருந்து உருதுவுக்கா? இரண்டையும் ஒருவரே செய்துவிடுவார் என்று எண்ணாதீர்கள். எந்த மொழியில் ஒருவர் தாலாட்டுக் கேட்டாரோ, எந்த மொழியில் கோபம் வந்தால் திட்டுகிறாரோ, அந்த மொழிக்குள் கொண்டுவருவதுதான் அவருக்குக் கைவரும். கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, சபையில் அழகாகச் சொல்வது வேறு. இரண்டு திசையிலும் கவிதை போகவேண்டிய நிகழ்ச்சி என்றால் இரண்டு பேரைத் தேடுங்கள். செலவைப் பார்த்து ஒருவரோடு நிறுத்தினால், ஒரு மொழிக்காரர்கள் பாதி நிகழ்ச்சியிலேயே எழுந்து வெளியே டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

2. ஆங்கிலத்தை நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது நடப்பது என்ன? உருதுக் கவிஞர் தன் கவிதையின் ஆங்கில வடிவம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். ஆங்கிலம் தெரிந்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் அதைத் தமிழாக்கி மேடையில் வாசிக்கிறார். வேலை சுலபம். கவிதைதான் வந்து சேர்வதில்லை.

காரணம் இரண்டு மொழிகளின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. உருதுவிலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில் வரும். ஒரு கஸல் ஈரடியில் கவிஞர் முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார், திரும்பவும் சொல்வார். சபை காத்திருக்கும். இரண்டாம் அடியின் முடிவில் காஃபியா என்னும் எதுகைச் சொல் வரும். அதை ஒட்டி ரதீஃப் வரும், கஸல் முழுக்க மாறாமல் திரும்பிவரும் ஈற்றுச்சொல் அது. அந்த இடத்துக்கு வந்ததும் சபையே சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லும். இந்தக் காத்திருப்புதான் கஸலின் உயிர். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுவதால், கடைசிவரை மறைத்து வைத்ததை நடுவிலேயே போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. அதிலிருந்து தமிழுக்கு வருகிறவர், உடைந்ததை ஒட்டிக் கொடுக்கிறார். உருதுவிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தாலோ எது கடைசியில் இருந்ததோ அது கடைசியிலேயே நிற்கும். நமது இயைபுத் தொடையும் அடியின் இறுதியில் ஒன்றுவதுதானே. நீ, நீர், நீங்கள் என்று நாம் வைத்திருக்கும் மரியாதைப் படிகள் உருதுவிலும் இருக்கின்றன. காதலியை எந்தப் படியில் அழைக்கிறான் என்பதில் கவிதையின் பாதி அர்த்தம் உண்டு. ஆங்கிலத்துக்குப் போனால் எல்லாப் படியும் ஒரே படியாகிவிடும்.

இடையில் ஆள் வைத்துப் பேசும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. ஆற்காட்டு நவாபின் தர்பாரிலிருந்து பாரசீகத்தில் கடிதம் போகும். புதுச்சேரியில் மதனாநந்த பண்டிதர் அதைப் படித்துச் சொல்வார், துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் கொண்டுபோவார். பிள்ளையவர்களின் நாட்குறிப்பில் இப்படிப் பல இடங்கள் உண்டு. படையையும் பணத்தையும் பற்றிய பேச்சுக்கு அந்தச் சங்கிலி போதும். எவ்வளவு லட்சம், எத்தனை குதிரை என்பது எத்தனை வாய் மாறினாலும் ஓரளவு நிற்கும். கவிதை நிற்காது.

நேராக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. காண்டேகரை மராத்தியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்கள் காண்டேகரைத் தமது எழுத்தாளராகவே நினைத்துப் படித்தார்கள். சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்திலிருந்து நேராகக் கொண்டுவந்த 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். தெருவெல்லாம் உருது பேசும் ஆம்பூர் நம்மிடம் இருக்கும்போது, உருதுக் கதாசிரியர் மண்ட்டோ மட்டும் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்து சேர்ந்தது எனக்குத் தீராத ஆதங்கம்.

இது நமக்கு எட்டாத காரியம் என்று யாராவது சொன்னால், ஸ்லோவேனியா என்ற நாட்டைக் காட்டுங்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 20 லட்சம். 2011 கணக்கெடுப்பில் பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் மட்டும் 39 லட்சம் பேர் இருந்தோம். அவ்வளவு சின்ன மொழிக்குள் சிம்போர்ஸ்காவும் மிவோஷும் டோகார்ச்சுக்கும் போலந்து மொழியிலிருந்து நேராகப் போயிருக்கிறார்கள். யானா உனுக் போன்றவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். அங்கே இரண்டு மொழிக்கும் நடுவில் வேறு நாடுகளே கிடக்கின்றன. நமக்கு நடுவில் கிடப்பது ஒரு தெருதான்.

3. சென்னைக்கு பஸ் ஏறுவதற்கு முன் உள்ளூரில் தேடுங்கள்.

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. அங்கே தமிழ்த்துறையில் பல்லாண்டுகள் பணியாற்றித் துறைத்தலைவராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். பிறந்தது மதுரையில். உருதுக் கவிதை புழங்கிய குடும்பத்திலிருந்து வந்து, தமிழில் புதுக்கவிதைக்குப் புது வழி காட்டினார். 'மின்மினிகளால் ஒரு கடிதம்' தொகுப்பில் கஸலைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தார். 'ஆலாபனை'க்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017இல் மறைந்தார். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் ஆசிரியராக, ஒருவர் தோல் மண்டிக் கணக்கராக, ஒருவர் மளிகைக்கடை முதலாளியாக. அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, உருது வழிப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள். காலையிலிருந்து மாலைவரை உருதுவில் சிந்திக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் செய்யுளை விளக்குவதுதான் இவர்கள் வேலை. எந்தப் பட்டமும் தராத பயிற்சி இது. இவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை என்பதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி ஆகியவற்றிலும் விசாரியுங்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் வந்து தங்கிப் படித்த தமிழ் ஆலிம்களில், உருதுவை நூல்மொழியாக ஆழ்ந்து கற்றவர்கள் உண்டு.

வீட்டுப் பெண்களை மறந்துவிடாதீர்கள். உருது நாவலும் தமிழ் வாரப்பத்திரிகையும் ஒரே அலமாரியில் வைத்துப் படிக்கும் பெண்கள் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டால்தான் வெளியே தெரியும். மரியாதையோடு வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, உங்கள் குழுவிலுள்ள பெண்கள் போய்க் கேட்கட்டும்.

4. தோல் வாங்க வரும் பையருக்கு மொழிபெயர்ப்பவரை அப்படியே கவிதைக்கு அழைக்காதீர்கள்.

இத்தாலிக்காரரும் ஜெர்மனிக்காரரும் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் வந்தால், கூடவே நின்று பேசித் தரும் திறமைசாலிகள் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. வெட் ப்ளூ எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், என்றைக்குக் கப்பலேறும் என்பதில் ஒரு சொல் பிசகினாலும் லட்சக்கணக்கில் நஷ்டம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளம் பேசித் தருகிறவர்களும் அப்படியே. நோயாளி சொல்வது வயிற்றில் எந்தப் பக்கத்து வலி என்று டாக்டருக்குச் சந்தேகமில்லாமல் போய்ச் சேரவேண்டும்.

இவர்களுடைய தொழிலே சந்தேகத்தைத் தீர்ப்பது. இரண்டு அர்த்தம் வந்தால் ஒன்றை வெட்டிவிட்டு ஒன்றைச் சொல்வார்கள். கவிஞரோ வேண்டுமென்றே இரண்டையும் வைத்திருக்கிறார். மது என்றால் மதுவா, இறைக்காதலா? காதலி என்றால் பெண்ணா, பறிபோன ஊரா? இரண்டையும் ஒரே சொல்லில் திறந்தே வைக்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும். வியாபாரத்தில் பழகியவர் ஒருவர் கவிதையும் படிக்கிறவராக இருந்தால் தாராளமாக அழையுங்கள். தொழிலை மட்டும் பார்த்து அழைக்காதீர்கள்.

5. வீட்டு உருது வேறு, ஏட்டு உருது வேறு.

நம் பகுதியில் பேசுவது தக்கனி. அதற்கென்று பெரிய இலக்கியப் பாரம்பரியம் இருக்கிறது. வேலூரில் பிறந்த பாகிர் ஆகா 18ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகம், தக்கனி மூன்றிலும் எழுதியவர். அரபும் பாரசீகமும் அறியாதவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்றே தக்கனியில் எழுதினார். ஆகவே தக்கனி பேசுகிறவரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். லக்னோவிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ வரும் கவிஞரின் கஸலில் பாரசீகச் சொற்கோவை அடர்ந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டில் சரளமாகப் பேசுகிறவர் அங்கே திகைத்துவிடலாம்.

சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சான்றிதழ் கேட்காதீர்கள். உருது எழுத்தில் அச்சான ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பேச வரும், எழுத்து வராது என்பவர்கள் நம்மிடையே ஏராளம். தமிழிலும் அதேபோல் ஒரு பக்கம். பிறகு அவர் முன்பு கேட்டிராத ஒரு கஸலை ஒருமுறை ஓதிக் காட்டி, ஈரடி ஈரடியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல் விடுபடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முடிச்சைக் கடைசிவரை அவிழ்க்காமல் கொண்டுபோகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அது வந்துவிட்டால் மற்றவற்றை உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

6. கூத்துக்கும் ஓவியத்துக்கும் வேறு ஆள்.

கவிதைக்குச் சரியானவர் கூத்துக்குச் சரியாக இருப்பார் என்று சொல்லமுடியாது. பழைய வடஆற்காடு கூத்து மண். செய்யாறு பக்கத்துப் புரிசைக் குழுவினர் பாரதக் கூத்தோடு நில்லாமல் பிரெக்டையும் மார்க்கேஸையும் கூத்தாக்கி ஆடியவர்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது அதைப் பார்க்க வந்தால், அடவும் முடிகட்டும் முறையும் விருத்தமும் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்லித் தரமுடியும்?

ஹன்னே டி ப்ரூயின் என்ற டச்சு அம்மையாரைப் பாருங்கள். கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலோடு பல்லாண்டுகள் சேர்ந்து வேலை செய்தார். அந்த உழைப்பிலிருந்துதான் 'கர்ண மோட்சம்' ஆங்கிலத்துக்குப் போனது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1998இல் அதை வெளியிட்டது. கலைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்ததால் வந்த மொழிபெயர்ப்பு அது.

உங்களால் அத்தனை காலம் காத்திருக்கமுடியாது, தெரியும். குறைந்தபட்சம் ஒத்திகைக்கு அழைத்துப்போங்கள். ஒரு யோசனையும் சொல்கிறேன்: கட்டியக்காரனிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வேஷக்காரனை "நீ யார், எந்த ஊர்" என்று கேட்டுச் சபைக்குச் சொல்வது அவன் பங்குதானே. உருதுவும் தெரிந்த ஒரு கட்டியக்காரன் கிடைத்தால் தனி மொழிபெயர்ப்பாளர் மைக் பிடித்து ஓரமாக நிற்கவே வேண்டாம், மொழிபெயர்ப்பு ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடும்.

7. கவிஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே சந்திக்க வையுங்கள்.

கவிதைகள் ஒரு வாரம் முன்பாவது கையில் வரவேண்டும். கவிஞர்கள் தரமாட்டார்கள், கடைசி நேரத்தில் மாற்றுவார்கள். இருந்தாலும் கேளுங்கள், மறுபடியும் கேளுங்கள். நிகழ்ச்சியன்று மாலை இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, மாலை மரியாதைக்காரர்கள் யாரையும் உள்ளே விடாமல் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

சொல்பவரும் மொழிபெயர்ப்பவரும் சேர்ந்து உட்காரும் முறைக்கு நல்ல முன்மாதிரி திருவண்ணாமலையில் இருக்கிறது. 1989 வரை அதுவும் வடஆற்காடு மாவட்டம்தான். ரமணாசிரமத்தில் 1930களில் ஐரோப்பியர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். வார்சாவில் பிறந்த பொறியாளர் மாரிஸ் ஃப்ரிட்மன் அவர்களில் முக்கியமானவர். போலந்துக்காரரான வாண்டா டைனோவ்ஸ்கா அம்மையாரும் அங்கே வந்தவர்தான். உமாதேவி என்ற பெயரோடு வாழ்ந்து, இந்திய நூல்களைப் போலந்து மொழிக்குக் கொண்டுபோனவர். ரமணர் பெரும்பாலும் தமிழில் பதில் சொல்வார். முனகால வெங்கடராமையா போன்றவர்கள் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார்கள். ரமணருக்கு ஆங்கிலம் கேட்டுப் புரியும். மொழிபெயர்ப்பு எங்காவது விலகினால் அங்கேயே திருத்துவார். 1935 முதல் 1939 வரை வெங்கடராமையா குறித்துவைத்த உரையாடல்கள்தான் பின்னால் பெரிய நூலாயின. சொன்னவரே உட்கார்ந்து திருத்தியதால் அந்தப் பதிவுக்கு ஒரு நம்பகம் வந்தது.

உங்கள் மேடைக்கு வரும் உருதுக் கவிஞருக்குத் தமிழ் கொஞ்சம் கேட்டுப் புரியுமானால் அதைவிட நல்லது இல்லை. திருத்தும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். திருத்தப்படுவதை அவமானமாக நினைக்கிற மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

8. மேடையில் குறுக்கே பேசவிடாதீர்கள்.

நற்செய்திக் கூட்டங்களில் வரிக்கு வரி மொழிபெயர்த்துப் பழகிய சபை நமது. பிரசங்கத்துக்கு அது அருமையாகப் பொருந்தும். கஸலுக்கு வேண்டாம். முதல் அடி முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தால் கவிஞர் கட்டியது சரிந்துவிடும். ஈரடி முடிந்து, "வாஹ் வாஹ்" எழுந்து, யாராவது "முகர்ரர்" என்று கேட்டு, கவிஞர் மறுபடி ஓதி முடித்த பிறகு தமிழ் வரட்டும். கஸலில் ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கக்கூடியது என்பதால் இது சாத்தியம். ஒரே பொருளைத் தொடர்ந்து சொல்லும் நஸ்ம் என்றால் பத்தி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

விளக்கவுரை கூடாது. "இங்கே கவிஞர் என்ன சொல்ல வருகிறார் என்றால்" என்று தொடங்கினால் கீழிருந்து கை காட்டி நிறுத்துங்கள்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தனி மைக், கவிஞரின் முகம் தெரியும் இடத்தில் நாற்காலி, ஒரு செம்பு தண்ணீர். நிகழ்ச்சி நீளமென்றால் அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். உலகத்தில் பெரிய மாநாடுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு மேல் ஒருவரின் மூளை தாங்காது.

9. பணம் கொடுங்கள். பெயர் போடுங்கள்.

சால்வை போதாது. கவிஞருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் அதே கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு என்பதையும் முடிவு செய்து, முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழில் "மொழிபெயர்ப்பு" என்று போட்டு அவர் பெயரைக் கவிஞர்களின் பெயர் அளவு எழுத்திலேயே அச்சிடுங்கள். சாகித்திய அகாதெமி 1989 முதல் மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பரிசு வைத்திருக்கிறது. டெல்லிக்குத் தோன்றியது நம் ஊர்க் கமிட்டிக்குத் தோன்ற இவ்வளவு நாள் ஆகக்கூடாது.

10. ஒவ்வொரு முறையும் ஓர் இளையவரைக் கூட வையுங்கள்.

ஆற்காடு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாப் சாதத்துல்லா கானின் தலைநகரானபோது பாரசீகமும் தக்கனியும் தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலித்தன. ஆற்காட்டு நவாபுகளின் வரலாறான 'துஸுக்-இ-வாலாஜாஹி'யைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் முகம்மது ஹுசைன் நைனார், ஒரு தமிழர். 1930களில் சென்னைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. அந்த நூல் நேராகத் தமிழில் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாரசீகம் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை இந்த மாவட்டங்களிலிருந்து எழுந்தால் நடக்கும்.

அதனால் பெரியவர் மேடையில் இருக்கும்போது, பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவரோ மாணவியோ நோட்டோடு உட்காரட்டும். கடைசி இரண்டு கவிதைகளை அவரைச் சொல்லவிடுங்கள். கூட்டம் பொறுத்துக்கொள்ளும், நம் ஊர்க் கூட்டம் பிள்ளைகளிடம் கனிவானது.

நிகழ்ச்சி முடிந்த மறுநாளே ஒலிப்பதிவை எடுத்து வைத்துக்கொண்டு கவிஞர், பெரியவர், மாணவர் மூவரின் பிரதிகளையும் ஒப்பிடுங்கள். இடப்பக்கம் உருது, வலப்பக்கம் தமிழ் என்று சின்னப் புத்தகமாக அச்சிடுங்கள். உருது வலமிருந்து இடமாக ஓடுவதால் இரண்டும் நடுவில் தைத்த இடத்திலிருந்து வெளிப்பக்கமாக விரியும்படி அமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஓரங்கள் ஒட்டாது. ஆளுக்கொரு பிரதி கவிஞர்களுக்கு, இரண்டு பிரதி இஸ்லாமியா கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு. மிச்சத்தை அடுத்த வருஷம் ஆள் தேடிப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தைக் காட்டியே கேட்டுவிடலாம்.